பின்வாசல் பாரம்பரியம்

ஒரு தூதரகத்துக்கு இரண்டு வாசல் இருப்பது உலக வழக்கம். முன்வாசல் இரு நாட்டு நட்புக்கு, பின்வாசல் விசாவுக்கு. கெய்ரோவின் கார்டன் சிட்டியில், பாஷா பட்டம் பெற்ற ஏதோ ஒரு பழைய பிரபு தன் மூன்றாம் மனைவிக்குக் கட்டிக்கொடுத்த மாளிகையில் இயங்கிய அந்தக் குளிர் தேசத்துத் தூதரகமும் இதற்கு விலக்கல்ல. முன்வாசலில் மாதம் ஒரு கச்சேரி, இரண்டு கண்காட்சி. பின்வாசலில் ஒரு சுவர், ஒரு ஜன்னல், ஒரு மரப்பெஞ்சு.

ஃபிக்ரி பின்வாசலுக்கு வரத் தொடங்கிப் பதினோரு வாரம் ஆகியிருந்தது. தபால் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் நஜ்லா அந்தக் குளிர் தேசத்தில் தலைப்பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். தாய் உயிரோடில்லை. பிறந்த வீட்டிலிருந்து போய் நிற்க இவரை விட்டால் நாதியில்லை. விண்ணப்பம் மூன்று முறை திரும்பிவிட்டது. மூன்று முறையும் ஒரே காரணம்: ‘விண்ணப்பதாரர் திரும்பி வருவார் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை.’ வாரம் தவறாமல் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்த மனிதரைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்கள்.

எங்கள் கெய்ரோவில் நாலு பேர் சேர்ந்து நின்றால், ஐந்தாவதாக ஒருவர் தாளும் பேனாவுமாக முளைத்துப் பெயர்ப்பட்டியல் எழுதத் தொடங்கிவிடுவார். அவரை யாரும் நியமிப்பதில்லை, யாரும் எதிர்ப்பதுமில்லை. அந்தப் பின்வாசலில் அந்தப் பொறுப்பு ஃபிக்ரியிடம் வந்து சேர்ந்திருந்தது. பட்டியலில் தங்கள் முறை வரும்வரை ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். கை சும்மா இருக்காமல் சாவியால் பலகையில் பெயரைச் செதுக்குவார்கள். நாற்பது வருடத்துப் பெயர்கள் அதில் இருந்தன. ஃபிக்ரியும் ஓரத்தில் தன் பெயரைத் தபால்காரக் கையெழுத்தில் அழகாகச் செதுக்கியிருந்தார்.

ஒருநாள் முன்வாசலை ஒரு லாரி மறித்துக்கொண்டதால், கலாசார அதிகாரி லிண்டர் பின்வாசல் வழியாக வெளியே வந்தார். ஒன்பது வருடத்தில் இதுவே முதல் முறை. நட்புறவின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த மனிதர், பெஞ்சைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர் எங்கள் அரபு மொழியைப் புத்தகத்தில் படித்தவர்.

“அன்பரே, இவ்வரிசை எக்காலம் தொட்டு நிலவுகிறது?”

“நான் வர்றப்பவே இருந்துச்சு பாஷா.”

“இப்பட்டியலை எழுதும் உரிமை தங்களுக்கு எவ்வாறு வாய்த்தது?”

“எனக்கு முன்னாடி எழுதினவருக்கு விசா கெடச்சிருச்சு. இல்ல, செத்துட்டாரா? ஹாஜ்ஜா, அவர் என்ன ஆனாரு?”

“செத்துட்டாரு,” என்றார் பக்கத்தில் இருந்த, ஹஜ் போய்வந்த மூதாட்டி ஹாஜ்ஜா இன்ஸாஃப், விதைத் தோலைத் துப்பிவிட்டு. குளிர் தேசத்தில் ஓட்டல் வைத்திருந்த மகனைப் பார்க்க இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்தவர்.

அடுத்த வாரமே பித்தளைப் பலகை வந்துவிட்டது: ‘வாழும் பாரம்பரியம். காத்திருத்தல் என்னும் கலை.’ முன்வாசல் விருந்தாளிகள் மாதுளைச் சாற்றுடன் பின்வாசலுக்கு அழைத்துவரப்பட்டார்கள். இன்ஸாஃப் விதை கொறிப்பதை மட்டும் பதினேழு பேர் படம் எடுத்தார்கள். பாரம்பரியம் என்று ஆனபின் அதைக் குறைப்பது பண்பாட்டுச் சேதம் அல்லவா? ஆகவே ஜன்னலில் நாளொன்றுக்கு எட்டுப் பேரைக் கூப்பிட்டது போய், இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள்.

ஃபிக்ரி லிண்டரை மடக்கினார். “பாஷா, எம் பொண்ணுக்கு இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு. நீங்க ஜன்னல்ல ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா...”

“கலாசாரம் வேறு, விசா வேறு. ஒருவர் பணியில் மற்றவர் தலையிடுவது மரபன்று. மேலும், தாங்கள் சென்றுவிட்டால் பட்டியலை யார் எழுதுவார்?”

நான்காம் விண்ணப்பமும் திரும்பியது. இம்முறை காரணம் புதியது: ‘விண்ணப்பதாரர் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியத்தின் அங்கம். இடம்பெயர்த்தல் உகந்ததன்று.’

ஒன்பது நாளும் போயிற்று. பேரன் பிறந்த செய்தி ஃபிக்ரிக்குப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது. எல்லோருக்கும் எள் ரொட்டி வாங்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் அழுதார்.

அதே வாரத்தில் பெஞ்சை மெத்தை வைத்த பெட்டியில் ஏற்றினார்கள். குளிர் தேசத்துத் தலைநகரில் கண்காட்சியாம்.

“இதுக்குப் பேப்பரெல்லாம் எத்தன நாள்ல வந்துச்சு?” என்று ஃபிக்ரி காவலாளி ஸக்கியைக் கேட்டார்.

“நாலு நாளு, உஸ்தாத்.”

“இது திரும்பி வரும்னு யாரு ஆதாரம் குடுத்தா?” என்றார் இன்ஸாஃப்.

“பெஞ்சுக்கு அங்க மகனா, மகளா? யாருமில்லல்ல ஹாஜ்ஜா? அதான் நம்புறாங்க.”

அந்த வாதத்தில் வரிசையில் யாராலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. தூதரகம் அன்றே புதிதாக ஒரு மரப்பெஞ்சு போட்டது.

நாற்பது நாள் கழித்து நஜ்லாவிடமிருந்து படம் வந்தது. கண்ணாடிக் கூடத்தில் அந்தப் பெஞ்சு. அதன் ஓரத்தில் துணியில் சுற்றிய குழந்தை. குழந்தையின் கை ‘ஃபிக்ரி’ என்ற எழுத்தின்மேல் கிடந்தது. கூடவே குரலும் வந்தது: “பாபா, தொடக்கூடாதுன்னு காவல்காரன் கத்துனான். எங்கப்பா உக்காந்த பெஞ்சுன்னு சொன்னேன். ஆதாரம் கேட்டான். உங்க பேரக் காட்டினேன். ரெண்டே நிமிஷம்னு விட்டுட்டான்.”

ஃபிக்ரி போனைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். போன் கைமாறிக் கைமாறி வரிசைக் கடைசிவரை போய்வந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை. ஆளாளுக்குச் சாவியை எடுத்துக்கொண்டு புதுப் பெஞ்சைச் சூழ்ந்தார்கள். இன்ஸாஃப் முழங்கையால் இடித்து முதலில் போய்ச் சேர்ந்தார்.

“ஹாஜ்ஜா, நில்லுங்க. இப்படி ஆளாளுக்குப் பாஞ்சா பலகை என்னத்துக்கு ஆகும்?” ஃபிக்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுத் தாள் ஒன்றை எடுத்தார். மேலே கோடு போட்டார். “பேர் செதுக்குறவங்க பட்டியல். ஒரு நாளைக்கு ரெண்டு பேரு. ஆளுக்கு ரெண்டு போட்டோ கொண்டாங்க.”

“பேர் செதுக்க போட்டோ எதுக்கு உஸ்தாத்?”

ஃபிக்ரி தாளில் இன்னொரு கோடு போட்டார்.

“இல்லாம முடியாது ஹாஜ்ஜா,” என்றார்.

இன்ஸாஃப் தலையாட்டிவிட்டு, பின்னால் நின்றவரிடம் தன் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, போட்டோ எடுக்கப் போனார்.