உப்புத்தாள் வைத்தியம்

என் மனைவியை வாதத்தில் ஜெயித்தவர் இதுவரை யாரும் இல்லை. பத்தொன்பது வருஷமாக முயன்று வருகிற நானே சொல்கிறேன், நம்பலாம். ஆனால் போன மாதம் என் கையில் ஓர் ஆயுதம் சிக்கியது. கையில் என்பது தவறு. வாயில்.

முன்பல் நான்கும் தேய்ந்து பாதியாகிவிட்டன. கண்ணாடியில் பார்த்தால் மேல்வரிசை இழைப்புளி போட்ட பலகை மாதிரி ஒரே மட்டம். நான் மேஜை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளன். மேஜைக்கால் மயிரிழை குறைந்திருந்தாலும் திருப்பி அனுப்புகிறவன். என் வாயை எங்கே திருப்பி அனுப்புவது? பல் டாக்டரம்மாவிடம் போனேன். மனைவியும் கூடவே வந்தாள்.

டாக்டரம்மா என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து, விளக்கை இறக்கிப் பார்த்தார்.

"தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீங்க சார்."

"நானா? சேச்சே!"

"பக்கத்து வீட்டம்மா, 'ராத்திரியில மாவு மில்லா ஓட்டுறீங்க'ன்னு கேட்டாச்சு டாக்டர்," என்றாள் மனைவி.

"தேஞ்ச பல்லைக் கட்டி உசத்திடலாம். பல்லு நிறத்துலயே ஒரு பசை இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா வச்சுப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துடலாம். ஆனா இப்பவே கட்டினா ஆறு மாசத்துல அதையும் அரைச்சு முழுங்கிடுவீங்க. எதனால கடிக்கிறீங்கன்னு முதல்ல தெரியணும். மனசுல ஏதாவது பாரம் இருக்கா?"

இருந்தது. எழுபத்திரண்டு கிலோ பாரம். மனைவியின் தம்பி.

எங்கள் சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரு ஜன்னல், ஓர் அலமாரி. அந்த அறையில் தச்சு மேஜை ஒன்று போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கே எனக்காக ஒரு சாய்வு நாற்காலி செய்துகொள்ள வேண்டும் என்பது என் ஐந்து வருஷ ஆசை. ஆயுள் முழுக்க அடுத்தவன் செய்த நாற்காலியையே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் மனிதனுக்கு ஏக்கம் வராதா? மேஜையும் வாங்கிப் போட்டாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மைத்துனனுக்கு எங்கள் ஊரில் வேலை கிடைத்துவிட்டது. வேறு இடம் கிடைக்கும்வரை அந்த அறையில்தான் இருப்பானாம். போன தடவை ஒரு வாரம் என்று வந்தவன், எட்டாவது மாதம்தான் பெட்டியை மூடினான்.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன்.

"டாக்டர், வீட்டுக்கு விருந்தாளின்னு யாராவது வந்து தங்கினாலே எனக்கு ஆகாது. அதுவும் நெருங்கின சொந்தம்னா பல்லு தானாவே கடிச்சுக்குது."

மனைவி திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லை. அவள் கோபப்படாதபோதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெற்றி மயக்கத்தில் அதை மறந்துவிட்டேன்.

"அப்படின்னா சோதிச்சே பார்த்துடலாம் டாக்டர்," என்றாள். "எனக்கு இவர் பல்லுதான் முக்கியம். தம்பியாலதான் தேயுதுன்னா அவன் நம்ம வீட்டுப் படியே ஏற வேண்டாம். நானே சொல்லிடறேன்."

அதற்கு டாக்டரம்மாவிடம் ஒரு வழி இருந்தது. தூங்கும்போது மேல்பல்லில் மாட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் உறை. கடித்தால் பல்லுக்குப் பதில் உறை தேயும். அப்படி இரண்டு செய்து கொடுத்தார். மைத்துனன் வருவதற்கு முன் பத்து நாள் ஒன்று, வந்த பிறகு பத்து நாள் மற்றொன்று. எதில் தேய்மானம் அதிகமோ அதை வைத்துத் தீர்ப்பு.

முதல் பத்து நாளில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால் தினமும் சாப்பாடு பரிமாறும்போது மனைவி ஏதாவது ஒரு தகவல் சொன்னாள்.

"தம்பி டிரம் அடிக்கக் கத்துக்கிறானாம்."

"எங்கே வச்சு அடிப்பான்?"

"ரூம்லதான். இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க."

மறுநாள், "தம்பி பூனை வளர்க்கிறானாம். மூணு."

"கூட்டிட்டு வர்றானா?"

"கேட்டாப் பாவம், மனசு கஷ்டப்படுவான்."

அதற்கடுத்த நாள், "உங்க தச்சு மேஜையில படுத்துக்கலாமான்னு கேட்டான்." அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. போய்ப் படுத்துவிட்டேன்.

பதினோராம் நாள் மைத்துனன் வந்து சேர்ந்தான். டிரம் இல்லை, பூனை இல்லை. ஒரே ஒரு பெட்டி. "சௌக்கியமா அத்தான்?" என்றபடி அதை என் தச்சு மேஜைமேல் வைத்தான். சிரிடா, பத்து நாள் சிரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது உறையின் தேய்மானத்தை விதியிடம் விட்டுவிட நான் என்ன மடையனா? தொழிற்சாலையிலிருந்து உப்புத்தாள் கொண்டுவந்தேன். தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, உறையை எடுத்து வேலையை ஆரம்பிப்பேன். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நயமான தாள், கடைசியில் ஈரத்துணி. செய்வன திருந்தச் செய்ய வேண்டும் அல்லவா?

"அத்தான், உள்ளே என்ன சத்தம்?" என்று ஒருநாள் மைத்துனன் கதவைத் தட்டினான்.

"பல் தேய்க்கிறேன்!"

"இருபது நிமிஷமாவா?"

"நல்லாத் தேய்க்கிறேன்!"

அந்தத் தாளின் உழைப்பைச் சொல்லியாக வேண்டும். எத்தனை தேய்த்தாலும் மறுநாள் புதுசு போலவே இருந்தது. நம் தொழிற்சாலையில் தரமான சரக்குத்தான் வாங்குகிறார்கள் என்று பூரித்துப்போனேன். காரியம் கனகச்சிதமாக நடந்ததால் அந்தப் பத்து நாளும் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினேன்.

தீர்ப்பு நாள் வந்தது. டாக்டரம்மா முதல் உறையை விளக்கில் தூக்கிப் பிடித்தார்.

"அடேயப்பா! பள்ளம் பள்ளமாத் தேஞ்சிருக்கே!"

இது எனக்குக் கொஞ்சம் இடித்தது. ஆனாலும் என் நம்பிக்கை இரண்டாவதில் இருந்தது. அதை அவர் பூதக்கண்ணாடி வைத்தே பார்த்தார்.

"இது ரொம்ப அழகா இருக்கு சார். ஒரே மட்டம். பிசிறு இல்ல. ஓரம்கூட உருட்டி விட்டிருக்கு."

"நன்றி டாக்டர்," என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். முப்பது வருஷத் தொழில் பழக்கம், பாராட்டினால் பதில் வந்துவிடுகிறது.

"பல்லுக்கு இவ்வளவு வேலைத்திறமை கிடையாது சார்," என்று சிரித்தார் அவர். "அதுவும் வெளிப்பக்கம்தான் தேஞ்சிருக்கு. கீழ்ப்பல் வந்து இடிக்கிற அடிப்பக்கம் அப்படியே புதுசா இருக்கு. ஒரு கீறல் இல்ல."

எங்கள் தொழிலில் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்துக்குத்தான் மெருகு. மேஜைக்கு அடியில் யார் குனிந்து பார்க்கிறார்கள்?

"தாள் தேஞ்சுபோச்சேன்னு நான்தான் தினமும் புதுசு வெட்டி வச்சேன் டாக்டர்," என்றாள் மனைவி. "சந்தோஷமாத் தேய்ச்சாரு. நிம்மதியாத் தூங்கினாரு. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

"அப்போ டிரம்? பூனை?" என்று கத்தினேன்.

"அதையா நீங்க நம்பினீங்க?"

டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "மைத்துனர் இல்லாதப்ப கடிச்சிருக்கீங்க. வந்தப்புறம் ஒருநாள்கூடக் கடிக்கலை. அவர் கூடவே இருக்கட்டும். இன்னிக்கே பல்லைக் கட்டிடலாம், தைரியமா."

மறுத்துப் பேசுவதற்குள் வாயில் பஞ்சு வைத்துவிட்டார். பசை வைப்பதும் நீல விளக்கைக் காட்டுவதுமாக வேலை ஒன்றரை மணி நேரம் நடந்தது. என் பேச்சு எடுபடாத இடம் வீடு ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

"மைத்துனர் ஒரு வருஷமாவது இருந்தா நல்லது. உங்களுக்குச் சம்மதம்தானே சார்?"

"ஆ! ஆ! ஆ!"

"ஆமாங்கறார் டாக்டர். மூணு தடவை சொல்றார் பாருங்க," என்றபடி மனைவி தம்பிக்குப் போன் செய்யப் போனாள்.

பல் என்னவோ பிரமாதமாக அமைந்துவிட்டது. ஆய்வாளன் என்கிற முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தால், என் தச்சு மேஜை அறையைவிட்டு வெளியேறி முன்வாசல் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தது. மைத்துனன் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"அத்தான், ஆபீஸுக்குப் பக்கத்துலயே எனக்கு ஒரு நல்ல ரூம் கிடைச்சுது. நாளைக்குக் காலையில கிளம்பறதா இருந்தேன். அக்கா விஷயத்தைச் சொன்னதும் ரூமே வேண்டாம்னு சொல்லிட்டேன். உங்க பல்லைவிட ரூம் பெரிசா?"

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். புதுப் பல், இரண்டு நாளைக்குக் கடிக்கவே கூடாதாம்.