அதிகாரிக்குக் காட்டிய மாடு

"பதினோரு மணிக்கு பேங்க் ஆபீசர் வர்றார். அவருக்குக் காட்ட நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று பதறினார் மிளகாய்க்காரர்.

"வாடுற செடி இருக்கு. எரிஞ்சுபோன மோட்டார் இருக்கு. அதுக்குத்தானே கடன் கேக்குறோம்?" என்றாள் மனைவி.

"போடி. இருக்கிறவனுக்குத்தான் கொடுப்பாங்க. இல்லாதவனுக்கு எவன் கொடுப்பான்?"

ஒன்றரை ஏக்கர் மிளகாய் பூத்து நின்றது. நாலு நாளில் தண்ணீர் பாயாவிட்டால் பூவெல்லாம் உதிர்ந்துவிடும். மிளகாய்க்காரர் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கறவை மாட்டை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, "டிராக்டரும் வேணுமா?" என்று அவரே கேட்டார். தங்கமான மனுஷன்!

ஆபீசர் ஃபைலும் கையுமாக வந்து சேர்ந்தார்.

"மாடு நல்லா இருக்கே. எத்தனை லிட்டர்?"

"பத்து சார். அது காலையில மட்டும்!"

"அப்படியா? கொஞ்சம் கறந்து காட்டுங்க. வருமானத்துல சேர்த்துக்கலாம்."

மிளகாய்க்காரர் சொம்போடு குந்தினார். மாடு விட்ட உதையில் சொம்பு உருண்டுபோய் ஆபீசரின் ஷூவில் முட்டி நின்றது.

"புது ஆளைப் பார்த்தா மிரளும் சார்."

"என்னை உதைக்கலையே. உங்களைத்தானே உதைக்குது?"

பேச்சை மாற்ற, அவரை டிராக்டர் பக்கம் இழுத்துப்போனார். "இதைப் பாருங்க சார். சொந்த வண்டி!"

ஆபீசரின் பேனா நின்றது. "டிராக்டர் வேற இருக்கா? அப்போ இந்தக் கடன் உங்களுக்குக் கிடையாது. இது ஒண்ணும் இல்லாத சிறு விவசாயிங்களுக்கு."

"ஐயோ, அது என்னோடது இல்லை சார்! பக்கத்து வீட்டுக்காரரோடது!"

"அப்போ மாடு?"

மிளகாய்க்காரர் தலையைச் சொறிந்தார். "அதுவும்தான் சார்."

"இங்க உங்களோடது எதுதான்யா?"

"வீடு என்னோடது சார்! இவ என் சொந்த மனைவி சார்!"

"நல்லவேளை, அதையாவது ஞாபகம் வெச்சிருக்கீங்க" என்ற மனைவி, "நீங்க இப்படி வாங்க சார்" என்று ஆபீசரை வயலுக்குக் கூட்டிப்போனாள்.

அவர் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தார். விரலிடுக்கில் அது மாவாக உதிர்ந்தது. துவண்டு நின்ற செடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதை முதல்லயே காட்டியிருந்தா அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மிளகாய்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பியதும், டிராக்டர் மறைவில் நிறுத்தியிருந்த பைக்கை எடுக்கப் போன ஆபீசர் அங்கிருந்தே அறிவுரை சொன்னார். "கடனை வாங்கினா போதாது, பிழைக்கத் தெரியணும். உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒன்றரை ஏக்கர்தான். போன வருஷம் எங்ககிட்ட கடன் வாங்கித்தான் மாடும் டிராக்டரும் வாங்கினார். ஒரு தவணை தப்பினதில்லை! அதை வெச்சு எப்படிச் சம்பாதிக்கிறார்னு கேட்டுக் கத்துக்குங்க."

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். டிராக்டருக்குப் பின்னால் நின்றவரை அவள் பார்க்கவில்லை.

"வாடகையைக் குடுங்கண்ணே, இன்னிக்குத் தவணை கட்டணும். மாட்டையும் சீக்கிரம் அவுத்து விடுங்க, அந்த ஆபீசர் கீழத்தெருவுக்குப் போறதுக்குள்ள அது அங்க போய் நிக்கணும்!"