செப்புக் குண்டு காட்டிய சோம்பேறி

ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் அந்த வசந்தம் முழுக்க எய்விந்துர் பேச்சுதான். உற்பத்தித்திறன் ஞானியாம்! கையில் ஒரு நூல், நூல் நுனியில் ஒரு செப்புக் குண்டு. மீன் ஆலைக்குள் அதைத் தொங்கவிட்டபடி நடப்பார். வேலையைக் கெடுக்கும் 'அடைப்பு ஆள்' முன்னால் வந்ததும் குண்டு பம்பரமாய்ச் சுழலும். அந்த ஆளை வெளியே அனுப்பினால் ஆலை பறக்குமாம். மீன் துண்டில் முள் தேடக் கணினி வாங்கிய முதலாளிகள் இவரைக் கூப்பிட வரிசையில் நின்றார்கள். மூளையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

சோல்ரூன் என்ற பெண் மீன் நறுக்கும் ஆலைக்கும் அவர் வந்தார். அங்கே எல்லோருக்கும் வெள்ளை மேலங்கி, தொப்பி, முகக்கவசம். ஆளை அடையாளம் சொல்வது முதுகிலுள்ள எண்தான். ஒன்பதாம் எண் முன்னால் குண்டு சுழன்றது. ஒன்பது என்றால் சோல்ரூன்.

"வெள்ளிக்கிழமையோட நின்னுக்க சோல்ரூன்," என்றார் மேலாளர் பால்ட்வின். "எனக்கும் மனசு கேக்கல. ஆனா குண்டு பொய் சொல்லுமா?"

ஊரில் இருப்பது அந்த ஒரே ஆலை. வேலை போனால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தலைநகருக்குப் போகவேண்டியதுதான். அதைவிடக் கொடுமை, அவளே தன் கைகளைச் சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"உனக்குமா புத்தி கெட்டுப்போச்சு?" என்றாள் தரம் பார்க்கும் ஹல்பேரா, காபியை அவள் பக்கம் நகர்த்தி.

"அந்தாளுக்கு என் பேரே தெரியாதுடி. அப்புறம் எப்படி குண்டு என்னைக் காட்டுச்சு?"

ஹல்பேரா நேரே பால்ட்வினிடம் போனாள். "குண்டு சுத்துறதுக்கு முன்னாடி அவர்கிட்ட என்ன பேசின?"

"ஒண்ணுமில்லையே. யாரால தலைவலின்னு கேட்டார். மீன் வர்ற பெல்ட் வேகத்தைக் குறைங்கன்னு ஒன்பதாம் நம்பர் நச்சரிக்குதுன்னேன். சும்மா பேச்சு."

"சும்மா பேச்சு! சரி, நாளைக்குப் பக்கத்து ஊர் முதலாளிங்க முன்னாடி அவர் இங்கே குண்டு வித்தை காட்டப் போறாரில்ல? நீ ஒன்பதைப் போட்டுக்கிட்டு நில்லு. சோல்ரூன் வேற நம்பர் போடட்டும். குண்டுக்கு ஆள் தெரியும்னா அவளைத் தேடிப் போகட்டும்."

"போகும் பாரேன்!" என்று சிரித்தார் பால்ட்வின். நம்பிக்கை அப்படி.

மறுநாள், மேலாளர் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார் என்று ஞானியிடம் சொன்னார்கள். அவர் கண்ணை அரைவாசி மூடி நடந்தார். சோல்ரூன் முன்னால் குண்டு செத்த மீனாய்த் தொங்கியது. ஒன்பது முன்னால் சுழன்றது பாருங்கள், சுழற்சி!

"இதோ! தூங்குமூஞ்சி ஆத்மா! இது வெளியே போனாத்தான் இந்த ஆலை விடியும்!"

ஒன்பது முகக்கவசத்தை இறக்கியது. சிவந்த தாடி, அதைவிடச் சிவந்த முகம்.

"ஏன்யா, நேத்து ராத்திரி என் வீட்டு ஆட்டுக்கறியைத் தின்னுட்டு என்னையே தூங்குமூஞ்சிங்கிறியா?"

ஆலையே குலுங்கிச் சிரித்தது. அப்போதுதான் வேடிக்கை. மீன்பெட்டி அடுக்கும் ஸ்தெய்ன்தோர் கைதட்டினார். "குண்டு சரியாத்தானப்பா சொல்லுது! மேலாளர்தான் அடைப்பு!" எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். ஞானியின் வெளுத்த முகத்தில் ரத்தம் திரும்பியது. "அதேதான்! குண்டு மேலிடத்தையும் விடாது!"

சோல்ரூனும் தட்டிவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டு போயிருக்கலாம். அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"நிறுத்துங்க. அது ஆளைப் பாக்கல, ஒன்பதைத்தான் பாத்துச்சு. என்னைப் பத்திச் சொன்னது பொய்னா இவரைப் பத்திச் சொன்னதும் பொய்தான். இவர்மேல எனக்குக் குறை இருக்கு. அதை நானே வாயால சொல்லுவேன், குண்டு வேண்டாம்."

கைதட்டல் ஒவ்வொன்றாய் அடங்கியது. பால்ட்வின் அந்த ஒன்பதாம் எண் மேலங்கியைக் கழற்றி அவளிடமே நீட்டினார். "திங்கக்கிழமை வந்து சொல்லு. கேக்கறேன்."

எய்விந்துர் அடுத்த வாரமே வேறொரு ஊருக்குப் போய்விட்டார். இப்போது வெள்ளிக் குண்டாம். என் கண்ணுகளா, உங்களுக்குப் பிடிக்காதவர் முன்னால் அது சுழன்றால் கைதட்டத் துறுதுறுக்கத்தான் செய்யும். தட்டுமுன் நூலைப் பிடித்திருக்கும் விரலைக் கொஞ்சம் பாருங்கள்.