முதலில் வெளியே வருபவன்

"என் பை எங்கே?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார்.

அவர் கையில் பை இல்லை. வாசலுக்கு வரும்வரை இருந்தது.

"கதவு திறந்ததுதான் தெரியும். பாய்ஞ்சு வந்துச்சு. முன்னங்காலை நீட்டித் தரையோட பதுங்குச்சு. அப்புறம் பார்த்தா பை இல்ல."

பை மாடிப்படியின் முதல் படியில் இருந்தது. பக்கத்தில் பட்டன் உட்கார்ந்திருந்தது. பழுப்பு நாய். ஒரு காது மடங்கியிருக்கும். அது வீட்டுக்கார அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பிடுங்கினதும் இல்லாம முறைக்கறதைப் பாருங்க!"

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றார் கதவுக்காரர். குனிந்துகொண்டே சொன்னார்.

"நீங்க மன்னிப்பு கேட்கற அழகுக்குத்தான் தம்பி இத்தனை நாள் பொறுத்தேன். இனிமே முடியாது. ஒருநாள் நான் விழுந்து இடுப்பு ஒடியப்போகுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள நாய் திருந்தணும். இல்லேன்னா நாய் போகணும்."

அவர் படியேறிப் போனார். மேல்படி வரை நாய் அவர் கையைப் பார்த்தது. பிறகு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

அந்த வீட்டுக்கு ஒரே வாசல். கீழே கதவுக்காரரும் மனைவியும். மாடியில் வீட்டுக்கார அம்மா. யார் வந்தாலும் அந்தக் கதவு வழியாகத்தான் வரவேண்டும்.

கதவுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். ஒரு பெரிய ஹோட்டலின் வாசலில் கதவைத் திறந்துவிடுவது அவர் வேலை. கார் நிற்கும்முன் படியிறங்கிவிடுவார். கதவைத் திறந்து ஓரமாக ஒதுங்குவார். குனிவார். பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைப்பார். வைத்துவிட்டு ஓரடி தள்ளி நிற்பார். வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை.

வேலை உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மனைவி கடைக்குப் போய் வந்தாலும் வீட்டில் அதே கதைதான். கதவு திறக்கும். பை சமையலறைக்குப் போகும். அவர் ஓரடி தள்ளி நிற்பார். அவள் பைக்குள் கைவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பாள். கல்யாணமான புதிதில் தொடங்கிய விளையாட்டு. இப்போது இருவரும் சிரிப்பதுகூட இல்லை. ஆனால் விட்டதும் இல்லை.

"நாய் போனா நானும் போறேன்" என்றாள் மனைவி. தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நீ எங்க போவே?"

"அது போற இடத்துக்கு. நீங்க காலையில போனா இருட்டினாத்தான் வர்றீங்க. அதுவரைக்கும் இந்த வீட்டுல என் பேச்சைக் கேட்க வேற யாரு இருக்கா?"

மறுநாள் நடைபாதைக் கடையில் அவர் ஒரு புத்தகம் வாங்கினார். 'நீங்களும் நாய்க்குத் தலைவர் ஆகலாம்.' அட்டையில் கோட்டு போட்ட ஒருவர் விரலை நீட்டிக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு ஓநாய் படுத்திருந்தது.

சாப்பாட்டு மேசையில் அதை மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

"'ஓநாய்க் கூட்டத்தில் தலைவனே குகையைவிட்டு முதலில் வெளியே வருவான். வழிவிட்டு ஒதுங்குபவன் தொண்டன்.' கேட்டியா? கதவைத் திறந்தா யார் முதல்ல போறது?"

"பட்டன்."

"'அடுத்தவர் கையில் இருப்பதைத் தலைவன் தனதாக்கிக்கொள்வான்.' பையைப் பிடுங்குது. 'கண்ணெடுக்காமல் பார்ப்பான்.' முறைக்குது. எல்லாம் சரியா வருது பாரு. அது தன்னைத் தலைவன்னு நினைச்சுக்கிட்டிருக்கு."

"நம்மளை?"

"தொண்டன்னு."

மனைவி யோசித்தாள். "தைக்கக் குடுக்க வர்றவங்க துணிப் பையையும்தான் வாங்குது. ஆனா சரியா என் மெஷின் பக்கத்துல கொண்டாந்து வைக்குதே?"

"இரையைக் குகைக்குள்ள சேர்த்து வைக்குது. அதுவும் போட்டிருக்கு."

அவர் பக்கத்தைப் புரட்டினார். தொண்டனின் அடையாளங்கள் என்று ஒரு அத்தியாயம். ஒதுங்குவான். குனிவான். பல்லைக் காட்டுவான். பிறர் சுமையைச் சுமப்பான். கடைசியில் சாப்பிடுவான். படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"உங்க போட்டோவைத்தான் போடலை" என்றாள் மனைவி.

பயிற்சி தொடங்கியது.

முதல் பாடம், கதவு. அவர் கதவைத் திறந்தார். ஒதுங்காமல் நேராக வெளியே போனார். அதே நேரத்தில் பட்டனும் போனது. இருவரும் கதவு நிலையில் சிக்கிக்கொண்டார்கள். மனைவி பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். இரண்டாம் முறை அவர் ஓடினார். நாயும் ஓடியது. பால் வாங்கிக்கொண்டு வந்த வீட்டுக்கார அம்மா சுவரோடு ஒட்டி நின்றார்.

"இது வரைக்கும் ஒண்ணுதான் பாய்ஞ்சுச்சு" என்றார்.

இரண்டாம் பாடம், சுமை. மனைவி கடையிலிருந்து வந்தாள். அவர் பையை வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பை அவள் கையை இழுத்துக்கொண்டு தொங்கியது. பட்டன் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டது. அவள் பழக்கத்தில் பிஸ்கட்டை எடுத்தாள். எதிரே கை நீளவில்லை. கொஞ்சநேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு அவளே தின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். அன்று முழுக்க மெஷின் வேகமாக ஓடியது.

மூன்றாம் பாடம், குரல். 'தலைவன் பேசமாட்டான். உறுமுவான்.' கதவுக்காரர் நடையில் நாலு காலில் நின்று உறுமினார். பட்டன் காதை நிமிர்த்திக் கேட்டது. உள்ளே ஓடியது. அவருடைய செருப்பைக் கொண்டுவந்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, அவர் முன்னால் வைத்தது. அவர் இன்னும் சத்தமாக உறுமினார். அது குடையையும் கொண்டுவந்தது.

நிமிர்ந்து பார்த்தார். மாடிப்படியில் வீட்டுக்கார அம்மா நின்றிருந்தார். திரும்பாமல், பின்பக்கமாகவே, ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபிறகுதான் குரல் வந்தது.

"ஏம்மா, நாய்க்கு ஊசி போட்டாச்சுன்னு சொன்னே. உன் வீட்டுக்காரருக்குப் போட்டாச்சா?"

அவர் புத்தகத்தில் மருந்து தேடினார். கிடைத்தது. 'வீட்டில் தலைவன், வெளியில் தொண்டன் என்று இரட்டை வாழ்க்கை வாழ்ந்தால் உங்கள் மேல் தொண்டன் வாசம் வீசும். நாய் மோந்து கண்டுபிடித்துவிடும்.'

"பார்த்தியா? வீட்டுல பண்றது பத்தலை" என்றார். "ஹோட்டல்லயும் தலைவனா இருக்கணும்."

"வேண்டாங்க."

"ஞாயித்துக்கிழமை வருது."

மனைவி மடியில் கிடந்த நாயின் மடங்கிய காதைத் தடவினாள்.

அன்று ஹோட்டலில் பல் டாக்டர்களின் மாநாடு. பஸ் வந்து நின்றது. டாக்டர்கள் இறங்கினார்கள். கதவுக்காரர் சிரிக்கவில்லை. குனியவில்லை. கதவைத் திறந்தார். திறந்து, அவரே முதலில் உள்ளே போனார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. நிறையக் காலடிகள். திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் தலைவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. நடந்தார். வரவேற்பு மேசையைத் தாண்டினார். லிஃப்டைத் தாண்டினார். இத்தனை வருஷத்தில் அதற்கு அப்பால் அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கேதான் போனார். வேலையாட்கள் சாப்பிடும் அறை.

தலைவன் முதலில் சாப்பிட வேண்டும். தட்டை எடுத்தார். அப்போதுதான் கண்ணாடி ஜன்னலில் பார்த்தார். டாக்டர்கள் எல்லோரும் பின்னால் தட்டோடு வரிசையில் நின்றிருந்தார்கள்.

மேனேஜர் வயதில் சின்னவர். கதவுக்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, மேல விருந்து ஆறிக்கிட்டிருக்கு. இங்க வேலையாட்கள் ரூம்ல டாக்டருங்க நின்னு சூப் வாங்கிக் குடிச்சிருக்காங்க. நல்லாயிருக்குன்னு ரெண்டாந்தடவை வேற கேட்டாங்களாம். யாரு கூட்டிட்டு வந்தது?"

"நான் கூப்பிடலை சார். அவங்களா வந்தாங்க."

"ஏன் வந்தாங்க?"

"தலைவன்னு நினைச்சுட்டாங்க."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுல ஏதாவது பிரச்சினையாண்ணே?"

"நாய் சார்."

"திங்கட்கிழமை வரைக்கும் வராதீங்க. வரும்போது பழைய ஆளா வாங்க. தலைவர் வேலை இங்க காலி இல்ல. அதுக்குத்தான் நான் இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஹோட்டலுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் வண்டிக்காரருக்கு ஊருக்கு வெளியே தோட்டம் இருந்தது. நாயைக் கொடுத்தால் வளர்க்கிறேன் என்றிருந்தார். மதியத்துக்குமுன் வந்துவிடுவார்.

மனைவி பட்டனின் தட்டைக் கழுவித் துடைத்தாள். அது படுக்கிற போர்வையை மடித்தாள். பிறகு பிரித்து, கிழிந்த ஓரத்தைத் தைத்து, மறுபடி மடித்தாள். தன் புடவை ஒன்றையும் அதன்மேல் வைத்தாள்.

"இது எதுக்கு?" என்றார்.

"நான் வந்து சேர்ற வரைக்கும் அதுக்கு வாசம் வேணுமில்ல?"

அவர் புத்தகத்தைப் பழைய பேப்பர் கட்டில் சொருகினார். அதில் இனிப் படிக்க எதுவும் இல்லை. பட்டன் வந்து அவர் காலில் தலையை வைத்தது. தடவலாமா என்று யோசித்தார். தலைவன் தடவக்கூடாது. தடவினார்.

வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது.

மனைவி போர்வையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கதவுக்காரருக்கோ உடம்பு தானாக எழுந்துவிட்டது. கார் நின்றால் எழுந்துவிடும் உடம்பு அது. வேலையில்லை, ஞாயிற்றுக்கிழமை, ஓநாய், குகை எதுவும் அதற்குத் தெரியாது. போய்க் கதவைத் திறந்தார்.

வண்டிக்காரர் இல்லை. வாடகைக் காரில் வீட்டுக்கார அம்மா. மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தார். ஒரு பெட்டி, ஒரு பை.

பட்டன் முதலில் வெளியே போனது. போய் இடது பக்கம் ஒதுங்கியது. கதவுக்காரர் வலது பக்கம் ஒதுங்கினார். அவர் குனிந்தார். அது முன்னங்காலை நீட்டித் தரையோடு தாழ்ந்தது.

அவர் பெட்டியை வாங்கினார். அது பையை வாங்கியது. இரண்டும் மாடிப்படியின் முதல் படிக்குப் போய்ச் சேர்ந்தன. பெட்டி நேராக வைக்கப்பட்டது. பை அதன் பக்கத்தில் வைக்கப்பட்டது. அவர் ஓரடி தள்ளி நின்றார். அதுவும் ஓரடி தள்ளி உட்கார்ந்தது.

பழக்கம். அவர் வீட்டுக்கார அம்மாவின் கையைப் பார்த்தார். அதுவும் பார்த்தது.

அப்போதுதான் அவருக்குச் சுயநினைவு வந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா. தோட்டத்துக்கு அனுப்பிடறோம், வண்டி வந்துட்டேயிருக்கு. என்ன பண்றது, அது தன்னைத் தலைவன்னு நினைச்சுக்கிட்டு முறைக்குது."

வீட்டுக்கார அம்மா அவரைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். படியில் மெதுவாக உட்கார்ந்து பையைத் திறந்து உள்ளே துழாவினார்.

"வண்டியைத் திருப்பி அனுப்புங்க தம்பி" என்றார், ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே. "இத்தனை நாளா நான்தான் இதுக்கு டிப்ஸ் குடுக்காமலே மாடி ஏறியிருக்கேன்."