டிங் நானாவின் கள்ளக்காசு

மாத்தளையில் டிங் நானாவை ஏமாற்றிய மனிதர்கள் உண்டு. ஏமாற்றிய காசு ஒன்றுகூட இல்லை. மிளகில் கல் கலந்து விற்றவனை உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பார். கள்ளக்காசு கொண்டுவந்தவனை மட்டும் தெருமுனை வரை துரத்திப்போய்த் திட்டிவிட்டு வருவார்.

அலுவிகாரையில் மிளகும் கராம்பும் வாங்கும் சின்னக் கடை அவருடையது. பழைய காசு எது கிடைத்தாலும் மேசையில் மெல்லப் போட்டு, கண்ணை மூடிக் காதைச் சாய்ப்பார். ‘டிங்’ என்று நீளமாகப் பாடினால் வெள்ளி. ‘டக்’ என்றால் கள்ளன். சந்தேகம் தீராவிட்டால் நாக்கில் வைத்துப் பார்ப்பார். வெள்ளி குளிருமாம், கள்ளன் கடிக்குமாம். இரத்தோட்டையிலிருந்து மூட்டையோடு பஸ்ஸில் வந்தவர்கள் தவித்துக்கொண்டு நிற்பார்கள்.

“நானா, மொளக நிறுங்க, பஸ் போயிரும்!”

“பொறுங்க, இந்த ராசாவுக்கு மூக்கு ஈக்கிதான்னு பாத்துட்டு வாரேன்.”

மூக்குதான் அவருடைய அளவுகோல். வெள்ளைக்காரன் காலத்துக் காசு தேயும்போது ராசாவின் மூக்கு முந்திக்கொண்டு தேயுமாம். மூக்கு இருந்தால் முதல் தரம். முகமே போய்விட்டால், “இவரு பென்சன் போயிட்டாரு” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஒருமுறை சீகிரியாவிலிருந்து ஆட்டோக்காரப் பையன் ஒருவன் பச்சை பிடித்த செம்புக் காசோடு வந்தான். மலைக்கோட்டை கட்டிய காசியப்பன் ராசா காலத்தது என்றான். நானா முகர்ந்து பார்த்தார்.

“தம்பி, இது போன கெழம பொறந்த புள்ள. இன்னம் அசிட் வாசம் போகல்ல. காசியப்பன் என்ன, கக்கூஸ் கழுவுற அசிட்டா வாங்கி வெச்சிருந்தான்?”

கள்ளக்காசைவிட அவரை வாட்டுவது கழுவிய காசு. யாரோ ஒருவர் நல்ல வெள்ளிக்காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்த அன்று மனிதர் பகல் சோறே தின்னவில்லை. “கறுப்புத்தான் அதுட வயசு. அதத் தேச்சிப்போட்டா பாதி வெலைக்கும் ஆளில்ல” என்று வாசலில் நின்று புலம்பினார்.

இப்படிப்பட்டவரின் கடைக்குள் போன மாசியில் என் மகள் கவிஷாவைக் கூட்டிக்கொண்டு போனேன். காலம் கடந்து பிறந்த ஒரே பிள்ளை, நான்கு வயது. அவள் தும்மினாலே வைத்தியரைக் கூப்பிடுகிற ஆள் நான். நானா உற்சாகமாகத் தன் உயிர்க் காசை எடுத்து வந்தார். பனைமரம் போட்ட குட்டி வெள்ளிக் காசு. ராசாவுக்கு மூக்கு மட்டுமல்ல, மீசையில் முடிகூடத் தெரியும். நாக்கில் தொட்டுக் காட்டிவிட்டு, துடைத்துப் பிள்ளையின் கையில் வைத்தார். பிள்ளையும் அவரைப் போலவே நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். சிரித்தாள். விழுங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனோம் என்பது எனக்கு இன்றும் ஞாபகம் வரவில்லை. எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி. “வயித்துக்கு எறங்கிட்டுது, தானா வெளிய வரும். வாந்தி, வயித்துவலி வந்தா மட்டும் ஒடனே கொண்டு வாங்க” என்றார் டொக்டர். அப்புறம் மூலையில் தேம்பிக்கொண்டிருந்த நானாவைப் பார்த்து, “முழுங்கினது இவரா?” என்று கேட்டு, அவருடைய பிரஷரையும் பார்த்தார்.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் நானா எங்கள் வாசலில் நின்றார். கையில் ஒரு பப்பாசிப்பழம்.

“சேர், புள்ள சாப்பிட்டாளா? வயிறு நோகுதுன்னு செல்றாளா?”

என் மனைவி செல்விக்குப் பொறுக்கவில்லை. “புள்ளையப் பாக்கவா வர்றாரு? காசு வந்துருச்சான்னு பாக்க வர்றாரு. வரட்டும், அவரு காச அவரு கையிலயே குடுத்து அனுப்புறேன்” என்று உள்ளேயிருந்து சத்தமாகவே சொன்னாள். நானா பப்பாசியைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காசு பிறந்தது. நான் செருப்புக்கூடப் போடாமல் நானாவைக் கூட்டிவர ஓடினேன். அதற்குள் செல்வி, அசிங்கத்தோடு கொடுக்கக்கூடாது என்று காசைக் கொதிநீரில் போட்டு, புளியும் சாம்பலும் தேங்காய்த் தும்பும் வைத்து, வெள்ளிக்கிழமை விளக்கைத் துலக்குகிற மாதிரித் துலக்கி, தட்டில் வைத்து நீட்டினாள். ராசா அப்போதுதான் சலூனிலிருந்து வந்தவர் போல மின்னினார். மீசை இல்லை. மூக்கு இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

நானா தட்டின்மேல் குனிந்து பார்த்தார். காசை எடுத்தார். மேசையில் போட்டுப் பார்க்கவில்லை. நாக்கில் வைக்கவில்லை. கவிஷாவின் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“அட, இது கள்ளக்காசு தங்கச்சி! நாந்தான் இவ்வளவு நாளும் ஏமாந்து ஈக்கிறேன்.”

“நெசமாவா நானா? ஐயோ, நான் வேற போட்டுத் தேச்சிட்டேனேன்னு…”

“நல்லாத்தானே தேச்சீக்கிறீங்க. அலுமாரிக்கு மேல வைங்க. புள்ள பெரியாளானதும் காட்டிச் சிரிக்கலாம்.”

செல்வி அன்றே தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். மறுநாள் கடைவாசலில் மிளகு மூட்டைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“என்ன நானா, ஒங்களுக்கே கள்ளன் அல்வா குடுத்துட்டானாமே!”

“கண்ணு மங்கிட்டுது வாப்பா” என்று பல்லைக் காட்டினார் டிங் நானா.

போன வாரம் தூசி தட்டும்போது அலுமாரி மேலிருந்து அந்தக் காசு சீமெந்துத் தரையில் விழுந்தது.

டிங்…

சில்லறை விழுகிற சத்தம் கேட்டாலே நான் இன்றும் பதறிப்போய் மகளின் வாயைத் திறந்து பார்க்கிறவன். அன்று மட்டும் அசையாமல் நின்றேன். செல்வியும் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். அந்தச் சத்தம் நீளமாகப் பாடி அடங்கியது.

பிறகு அவள் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டே சொன்னாள்:

“போய் நானாவக் கூட்டிட்டு வாங்க. சும்மா, தேத்தண்ணி குடிக்கன்னு சொல்லுங்க.”