குளுக்கோஸ் தின்னாத மாமியார்

காலடிப்பேட்டை வாரியக் குடியிருப்பில் தண்ணீர் லாரிக்குக்கூட அவ்வளவு நீள வரிசை நின்றதில்லை. ஆளுக்கொரு பாட்டில், பாட்டிலுக்குள் கரப்பான். மொட்டை மாடியில், செத்தவர்களோடு பேசுவதாகச் சொல்லும் ஆவிச் சாமி ஒரு தட்டில் ஒரு சிட்டிகை குளுக்கோஸ் பொடி வைப்பார். செத்தவர்களுக்குத் தெம்பு வேண்டுமாம்! கரப்பான் கிட்டே போகும், மீசையை ஆட்டும், தொட்டுப் பார்த்துச் சட்டென்று பின்வாங்கும். "பாத்தியா? கரப்பானுக்குள்ள உங்க வீட்டுப் பெரியவங்க. கோபமா இருக்காங்க!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கெங்கம்மாவின் மாமியார் போய் இரண்டு வருஷம். இருந்தவரை மருமகள் வைத்த எதையும் குறை சொல்லாமல் தின்றதில்லை. தன் பாட்டில் கரப்பானும் பின்வாங்கியதும் கெங்கம்மாவுக்குச் சந்தேகமே போய்விட்டது.

"அதேதான்! அதே மூஞ்சத் திருப்பல்!"

மாமியார் மனசு குளிர்ந்து குளுக்கோஸ் சாப்பிடும்வரை, மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் சங்கிலி தன் கலசத்தில் இருக்கட்டும் என்றார் சாமி. மகள் மகிழினிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். சங்கிலி கலசத்துக்குள் போயிற்று. மகள் சோற்றைத் தொடவில்லை.

எதிர்வீட்டு யசோதரா கரப்பான் மருந்து வைக்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவள். வாசலிலேயே மறித்தாள்.

"யக்கா, வூட்ல நூறு கரப்பான் கீது. நூறும் உன் மாமியாரா?"

"வாய மூடுடி, அவங்க காதுல வுழப் போவுது!"

"சரி, நாளைக்கு நான் குடுக்குற பாட்டில எட்த்துக்கினு வா. ஒண்ணும் பேசாத."

மறுநாள் அந்தப் பாட்டில் கரப்பான்கள் குளுக்கோஸைக் கண்டதும் பந்திக்கு முந்தியவர்கள்போலப் பாய்ந்தன. சாமி கையைத் தூக்கினார்: "அம்மா மனசு குளிர்ந்துட்டாங்க! பூஜை பலிச்சிருச்சு!"

"இது காசிமேட்ல எங்க மாமா போட்ல புட்ச்ச கரப்பான் சாமீ," என்றாள் யசோதரா. "இதுல எப்டி கெங்கம்மாக்கா மாமியாரு வந்தாங்க?"

அடுத்து, கெங்கம்மாவின் அடுப்படியில் பிடித்த கரப்பான்களைத் தட்டில் விட்டாள் யசோதரா. குளுக்கோஸைத் தொட்டுப் பின்வாங்கின. பக்கத்தில் நெத்திலிக் கருவாட்டுத் தூளைக் கொட்டினாள். மொய்த்துக்கொண்டன.

"அம்மா கருவாடு கேக்கறாங்க..." என்று இழுத்தார் சாமி.

கெங்கம்மாவுக்கு வந்ததே கோபம்! "யோவ், அவங்க கவுச்சிய வுட்டே இருவது வருஷம்யா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பத்து வருஷமா இந்த பிளாக்ல குளுக்கோஸ் கலந்த இனிப்பு மருந்து வெச்சோம்," என்றாள் யசோதரா. "குளுக்கோஸ் புட்ச்சது தின்னுட்டு செத்துச்சு. பொறக்கும்போதே அது புடிக்காத ஒண்ணு ரெண்டு தப்பிச்சுது. அதுங்க புள்ளைங்களுக்கும் புடிக்கல. இப்போ கட்டடம் பூரா அந்த வம்சம்தான். போட்ல மருந்தே வெக்கல, அங்க பழைய வம்சம். இதுல ஆவி எங்க கீது?"

சாமி படியைப் பார்த்தார். படியில் பாட்டிலோடு வந்தவர்கள் வழியடைத்து நின்றிருந்தார்கள். கெங்கம்மா கலசத்தில் கைவிட்டுச் சங்கிலியை எடுத்து, கூட வந்திருந்த மகள் கழுத்தில் நேரே போட்டாள்.

கரப்பான் கூட்டம் மாறுவதற்கு ஏமாந்ததெல்லாம் செத்துத் தொலைய வேண்டியிருந்தது. மனுஷனுக்கு அந்தச் சிரமம் இல்லை, உயிரோடு இருக்கும்போதே ஒரு கேள்வி கேட்டால் போதும்.