மூக்கு பாயின் டிபன் பாக்ஸ்

பழவேற்காட்டில் மூக்கை மட்டுமே நம்பிக் குடித்தனம் நடத்திய ஒரே மனிதர் மூக்கு பாய்தான். மாதவரம் கோடவுனில் ஒரு கருவாட்டு மூட்டை கெட்டால் இவர் இங்கே தும்முவார் என்று லோடு ஏற்றுகிறவர்கள் சொல்வார்கள். நானும் கொஞ்ச நாள் அதை நம்பினேன்.

எங்கள் கம்பெனி கருவாட்டை ஆன்லைனில் மொத்தமாக விற்கிறது. பழவேற்காடு, மீஞ்சூர், மாதவரம் என்று மூன்று கோடவுன். வரும் ஆர்டரை எங்கிருந்து அனுப்புவது என்று மீஞ்சூர் ஆபீசில் உட்கார்ந்து பிரித்துவிடுவது என் வேலை. ஆனால் கரையிலிருந்து வரும் சரக்கு முதலில் பழவேற்காட்டில்தான் இறங்கும். பாய் மோந்து பார்த்து போனில் ஓகே தட்டினால்தான் அது என் கம்ப்யூட்டரில் ஸ்டாக்காகவே காட்டும்.

பாய் சுலபத்தில் தட்டமாட்டார். மூட்டையை அவிழ்ப்பார், கண்ணை மூடுவார், ஒரு துண்டை டிபன் பாக்ஸில் போட்டுக்கொள்வார்.

"பாய், கோயம்புத்தூர் பார்ட்டி காலைலேர்ந்து கூப்பிடுறாரு. நெத்திலி இருக்கா, இல்லியா?"

"இருக்குது. ஆனா இல்லன்னு வெச்சுக்கோ."

"இன்னா பாய் இது?"

"சாப்ட்டு வந்து சொல்றேம்மா. வெறும் வயித்துல மூக்கு பொய் சொல்லும்."

சாப்பிடப் போனால் பாதிப் பகல் போய்விடும். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் அந்த இடைவெளியில் கோயம்புத்தூர்காரர் கற்றுக்கொடுத்தவைதான்.

முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "டிபன் பாக்ஸ் ரொம்பிப் போவுது, காலியா வருது. என் சரக்குலதான் அவர் ஊட்டு அடுப்பு எரியுது. நீ பொம்பளப் புள்ள, உள்ள போலாம். பாத்துட்டு வா. உண்மைன்னா இன்னியோட அனுப்பிடறேன்."

போனேன். கதவு திறந்திருந்தது. பாயின் சம்சாரம் கட்டிலில் சாய்ந்திருந்தார். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திக் கை வீங்கியிருந்தது. பாய் கருவாட்டை ஒவ்வொரு துண்டாக அந்த அம்மாவின் மூக்கருகே நீட்டிக்கொண்டிருந்தார்.

"இது நல்லாருக்கு. இது சிக்கு வாடை அடிக்குது, அனுப்பாதீங்க." சொல்லிவிட்டுப் பக்கத்துச் சட்டியில் வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த துண்டுக்கு முகத்தை நீட்டினார்.

என்னைப் பார்த்ததும் பாய் டப்பாவை மூடினார். அந்த அம்மாதான் பேசினார். "ஊரெல்லாம் காய்ச்சல் வந்துச்சே, அப்ப போன மூக்கும்மா. டீக்கும் பினாயிலுக்கும் வித்தியாசம் தெரியாது இவருக்கு. மூக்கு இல்லன்னா எவன் வேலைக்கு வெச்சுப்பான்?"

"ஆக்கிப் பாத்துட்டுதான் ஓகே பண்றாரு சார்" என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் நெகிழ்ந்துபோய், பொரித்துப் பார்க்க எண்ணெய் பாக்கெட் கொடுத்தனுப்பினார்.

மழைக்காலத்தில் அந்த அம்மா இறந்துபோனார்.

பாய் வேலைக்குத் திரும்பியபோது மற்ற இரண்டு கோடவுனும் துடைத்துவிட்டாற்போல் காலி. பழவேற்காட்டில் மூட்டைகள் கூரையைத் தொட்டன. என் கம்ப்யூட்டரிலோ எல்லாமே பூஜ்யம். போனை அவர் எடுக்கவில்லை. முதலாளியும் நானும் நேரில் போனோம். பாய் மூட்டைகளுக்கு முன்னால் போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தட்டுங்க பாய், ஆர்டரெல்லாம் கேன்சலாவுது" என்றார் முதலாளி.

"தட்டிடலாம் மொதலாளி. யாராவது துன்னுட்டு ஆஸ்பத்திரில கெடந்தா?" பாய் எழுந்து நின்றார். "எனக்கு மூக்கு இல்ல. இத்தினி நாளா மோந்தது என் பொண்டாட்டி."

முதலாளி என்னை ஒருமுறை பார்த்தார். எண்ணெய் பாக்கெட் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "மூட்ட தைக்கிற வேலதான் இருக்குது பாய். சம்பளம் கொறையும்" என்றார். பாய் தலையாட்டினார்.

இப்போது பக்கத்துத் தோணிரேவு கிராமத்துப் பெண்கள் இருவர் சரக்கை மோந்து பார்க்கிறார்கள். காலையிலேயே ஸ்டாக் ஏறிவிடுகிறது. கோயம்புத்தூர்காரர் என்னை மேடம் என்கிறார். பாய் மூலையில் சாக்கு தைக்கிறார். பெயர் மட்டும் மூக்கு பாய்தான், யாரும் மாற்றவில்லை.

ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டார். பீரோவிலிருந்து ஒரு புடவையை எடுத்துக் கொடுத்தார்.

"தொவைக்காம வெச்சிருக்கேம்மா. எனக்கு ஒண்ணும் தெரியல. அவ வாசன இருக்குதா பாரு."

மோந்தேன். "இருக்குது பாய். தேங்காண்ண, டெட்டாலு, கொஞ்சம் நெத்திலி."

கட்டிலில் உட்கார்ந்து, "திருப்பிச் சொல்லு" என்றார். சொன்னேன்.

எப்போது போனாலும் அந்தப் புடவையை நீட்டுகிறார். அதில் வாசனை போய் வெகுகாலமாகிறது. தேங்காண்ண, டெட்டாலு, கொஞ்சம் நெத்திலி என்றுதான் நான் சொல்கிறேன்.